ஒன்பதாவது சிவப்பு டின்

அத்தியாயம் ஐந்து

துப்பாக்கிக் கடைக்காரர் நினோ மூன்றாவது தடவையாகவும் தலையை ஆட்டினார்.

"பதிவேட்டைக் காட்ட முடியாது, சிஞ்ஞோரா. யார் எந்த வெடிமருந்து வாங்கினார்கள் என்பது எனக்கும் கரபினியேரிப் பொலிஸுக்கும் இடையிலான விஷயம்."

"கரபினியேரி வந்து கேட்டார்களா?"

"இன்னும் இல்லை."

"அப்படியென்றால் அது உங்களுக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம்," என்றாள் செல்வமலர்.

நினோ சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குக் கடையைப் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறப்பார். செல்வமலரிடம் அத்தனை மணித்தியாலங்கள் இல்லை.

காலையில் இரண்டு வீடுகளைத் துடைப்பதும், பிற்பகலில் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் நம்மவர்களுக்காக மொழிபெயர்ப்பதும் அவளுடைய வேலை. ஏதாவது சிக்கல் என்றால் பலேர்மோத் தமிழர்கள் பாதரிடம் போவதற்கு முன் அவளிடம் வருவார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஈரத் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்ற ஸ்ரான்லி வுச்சீரியாச் சந்தையில் மீன் வெட்டுகிறவன். முப்பத்துநான்கு வயது, ஒரு பழைய வெஸ்பா, ஓயாத வாய். இவ்வளவுதான் அவனுடைய சொத்து.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, மலையில் காட்டுப்பன்றி வேட்டையாடிக்கொண்டிருந்த வக்கீல், அவ்வொக்காத்தோ ஸ்கலீசியின் துப்பாக்கி அவருடைய கையிலேயே வெடித்துவிட்டது. இடது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. கன்னத்தில் ஏழு தையல். அவர் கடைத் தோட்டா வாங்குகிறவர் அல்ல. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் தானே மருந்து நிரப்பி, தானே குண்டு பொருத்துகிறவர். மிஞ்சிய தோட்டாக்களைக் கரபினியேரி பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது அவர் வழமையாகப் போடும் மருந்து இல்லை. ஆனால் வீட்டில் இருந்ததோ வழமையான மருந்து மட்டும். ஒரே ஒரு டின், அதுவும் முத்திரை உடைக்காதது.

அந்தச் சின்ன அறையின் பூட்டுக்கு இரண்டு திறப்புகள். ஒன்று அவரிடம். மற்றது வீட்டு வேலைக்காரி கிளறாவிடம்.

அது போதும் என்று அவருடைய மனைவி சிஞ்ஞோரா எலேனா நினைத்தார். கிளறாதான் எதையோ கலந்துவிட்டாள் என்று முறைப்பாடு கொடுத்தார். திறப்பைப் பறித்தார். வேலை கொடுப்பவரின் கடிதத்தையும் நிறுத்தி வைத்தார். கிளறாவின் வதிவிட அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கும் தவணை நாளைக் காலை பத்து மணிக்கு. கடிதம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அம்மம்மாவோடு, தாயிடம் வருவதற்காகப் பதினான்கு மாதமாகக் காத்திருக்கும் பதினொரு வயது சுஜானிக்கு விசா இல்லை.

செல்வமலர் வழியை மாற்றினாள்.

"சரி, பதிவேடு வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியாது. பன்றிக்குத் தோட்டா செய்வதென்றால் எதைத் தெரிந்தெடுக்க வேண்டும்?"

தெரியாது என்று ஒரு பெண் சொன்னதும் நினோ இரண்டு அங்குலம் உயர்ந்தார். கண்ணாடித் தட்டில் இரண்டு குண்டுகளை வைத்தார். ஒன்று குட்டை. மற்றது நீளம், பாரம்.

"குட்டை, குறி பழகுவதற்கு. பாரமானது பன்றிக்கு, தடித்த தோலுக்குள் இறங்க வேண்டுமே. முதலில் குண்டு, பிறகுதான் மருந்து. பாரமான குண்டு சட்டென்று நகராது. அதற்கு ஆறுதலாக, மெல்ல மெல்ல எரிகிற மருந்து வேண்டும். இதோ, அறுபத்திரண்டு." பின்னால் இருந்த தட்டைக் காட்டினார். "லேசான குண்டுக்குக் கெதியாக எரிகிற மருந்தும் ஆகும். அது பத்தொன்பது."

"இரண்டும் ஒரே சிவப்பு டின்னா?"

"ஒரே கம்பனி. எண் மட்டும் வேறு. எண்ணைப் பார்க்காதவன் தோட்டா செய்யக் கூடாது."

"பத்தொன்பதைப் பாரமான குண்டுக்குப் போட்டால்?"

"ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடக்கும்."

"லேசான குண்டுக்குப் போட்டால்? அறுபத்திரண்டின் அளவிலேயே?"

நினோ உதட்டைப் பிதுக்கினார். "நல்ல துப்பாக்கியாக இருந்தால் தாங்கும். தோள்தான் தாங்காது." சொன்ன பிறகு, கூடச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேகமாகத் திரும்பி, கவிழ்த்து வைத்திருந்த நாலைந்து சிவப்பு டின்களை உள்ளே தள்ளினார். ஒவ்வொன்றின் அடியிலும் எழுதிய காகிதத் துண்டு ஒன்று, மேலே கண்ணாடிப் பசைநாடா.

"உவை என்ன, ஆக்களின்ரை பேரோ?" ஸ்ரான்லி தமிழில் கேட்டான். "கலியாண வீட்டுப் பலகாரப் பெட்டி மாதிரியெல்லோ ஒட்டி வைச்சிருக்கிறார்."

"வாடிக்கையாளருக்கு எடுத்து வைத்தவை," என்றார் நினோ, அவனுடைய பார்வையைப் புரிந்துகொண்டு. "கடை பூட்டப் போகிறேன்."

அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு சடசடவென்று இறங்கியது.

வெளியில் மழை. வெஸ்பா ஆறு உதைக்குப் பிறகும் இருமியதே தவிர எழும்பவில்லை.

"எனக்கு விளங்கேல்லை மலரக்கா," என்றான் ஸ்ரான்லி, உதைத்துக்கொண்டே. "மருந்து எண்டால் மருந்துதானே."

"பொச்சுமட்டையும் நெருப்புத்தான், காய்ஞ்ச ஓலையும் நெருப்புத்தான். ஓலையை வைச்சுப் புட்டு அவிப்பியோ?"

"ஒருநாள் அவிச்சனான். புருவம் போட்டுது."

"அந்த மனுசனுக்கு விரல் போட்டுது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"துவக்கின்ரை பாடு எனக்கு விளங்குது அக்கா. ரெண்டு கிழமையா கிளறாக்கா தந்த தூளிலை கறி வைக்கிறன். என்ரை வயிறும் எப்ப வெடிக்கும் எண்டு தெரியாது."

"உன்ரை வயித்தை விடு. பஸ் வருகுது, ஓடு."

அந்த பஸ் அவர்கள் மீது சேற்றை அடித்துவிட்டு நிற்காமல் போனது. இருபது நிமிடம் கழித்து வந்ததில் ஏறி, கூட்டத்தில் நசிந்து, அவர்கள் ஒரேத்தோத் தெருவில் இறங்கியபோது இரண்டு மணி ஆகியிருந்தது.

கிளறாவும் புருஷன் அலோசியஸும் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் இருந்தார்கள். கிளறா அழுது முடித்து, முகம் கழுவி, தேத்தண்ணி வைத்திருந்தாள். அலோசியஸ் ஹோட்டல் சமையலறை வேலைக்குப் போகாமல் கதிரையில் முடங்கி இருந்தான்.

"நீ அந்த அறைக்குள்ளை என்ன செய்யிறனி?" செல்வமலர் கேட்டாள்.

"தூசி தட்டுவன். கூட்டுவன். டின்னை நான் திறக்கிறேல்லை அக்கா. அவர் ஒரு மருந்துதான் மேசையிலை வைப்பார். ஒரு செப்புக் கரண்டியாலை அள்ளி அள்ளிப் போடுவார். நிறுக்கிறதைக்கூட இப்ப விட்டிட்டார்."

"ஏன் விட்டவர்?"

கிளறா தேத்தண்ணிக் கோப்பையைச் சரியாக வைத்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"அவர் நல்ல மனுசன், அக்கா."

"நான் அதைக் கேக்கேல்லை. டின் மாறி எடுத்திருப்பாரோ?"

"அவரைப் பற்றி நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

"உன்னைக் கள்ளி மாதிரி நிப்பாட்டி வைச்சிருக்கினம். நாளைக்குப் பத்து மணி. அது தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயைப் பூட்டி வைச்சிரு. அந்தத் திறப்பையும் சிஞ்ஞோராட்டைக் குடுத்திட்டியோ?"

கிளறா நிலத்தைப் பார்த்தாள். செல்வமலருக்கு எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது. காலையிலிருந்து எல்லாக் கதவும் இப்படித்தான். கடைக்காரன் இரும்புக் கதவை இறக்கினான். இவள் இமையை இறக்குகிறாள். ஆனால் மேசையில் சுஜானியின் படம் இருந்தது. பள்ளிக்கூடச் சட்டை, இரட்டைப் பின்னல். செல்வமலர் எழும்பவில்லை.

"இந்தக் கோடையிலை அவருக்குத் தோள் நோ இருந்ததோ?"

கிளறா நிமிர்ந்தாள். "அது எப்பிடி அக்கா தெரியும்? கோடை முழுக்க நோதான். குறி பழகிப்போட்டு வந்தால் தோள் நீலமாக் கிடக்கும். நான்தான் பார்மசியிலை பூச்சு வாங்கி வாறனான், சிஞ்ஞோரா பூசி விடுவா. வயசு போட்டுது எண்டு பகிடியும் பண்ணுவா."

"போன வருசம்?"

"இல்லை. இந்த வைகாசிக்குப் பிறகுதான்."

செல்வமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப வைகாசியிலை இருந்தே பிழையான மருந்து. ஆரும் ஒரு சிட்டிகை கலந்ததில்லை, ஒரு டின் முழுக்கப் பிழை. லேசான குண்டு போடேக்கை தோள் வாங்கிச்சுது. பன்றிக்குப் பாரமான குண்டு போட்டார், துவக்கு வாங்கிச்சுது." அவள் ஸ்ரான்லியைப் பார்த்தாள். "முழு டின் முடிஞ்சிருந்தால் ஒரு வெறும் டின் இருக்க வேணும். பத்தொன்பது எண்டு எழுதின டின். அது எங்கை?"

அலோசியஸ் இருமினான்.

"வெறும் டின் எல்லாம் எங்களுக்குத்தான் தாறவர்," என்றான்.

கிளறா மெல்லச் சொன்னாள். நல்ல திருகு மூடி. காற்றுப் போகாது. மூன்று தரம் கழுவி, பல்கணியில் மூன்று நாள் வெயிலில் வைத்து, அதில்தான் மிளகாய்த்தூள், சரக்குத்தூள், கோப்பித்தூள் எல்லாம். எட்டு வருஷமாக அப்படித்தான். 'கிளறா, உனக்கு' என்று அவரே கையில் தருவார்.

"அட, துவக்கு மருந்து டின்னுக்குள்ளை தூள்," என்றான் ஸ்ரான்லி. "எங்கடை சனம் குடியேறினதுக்கு இதை விட வேறை அத்தாட்சி வேணுமோ?"

"டின்களைக் கொண்டு வா," என்றாள் செல்வமலர்.

கிளறா அசையவில்லை. அலோசியஸ் கதிரையில் இன்னும் முடங்கினான்.

"நேற்றுப் பின்னேரம் எல்லாத்தையும் கொண்டுபோய் எறிஞ்சிட்டன்," என்றான். "பொலிஸ் வந்து வீட்டிலை மருந்து டின்னைக் கண்டால் என்ன சொல்லும்? நீங்களே சொல்லுங்கோ."

ஸ்ரான்லி படிகளில் இறங்கி ஓடிய சத்தம் கேட்டது. பிறகு, ஆறுதலாக ஏறிவந்த சத்தம்.

"குப்பைத் தொட்டி என்ரை தலை மாதிரிச் சுத்தமாக் கிடக்குது," என்றான் வாசலில் நின்று. "மற்ற நாளிலை ஒரு கிழமைக்கும் வராத லொறி இண்டைக்குக் காலமை வந்து அள்ளியிருக்குது."

செல்வமலர் கண்ணை மூடிக்கொண்டாள். கோபப்படுவதற்கும் யாராவது ஒரு ஆள் வேண்டும். இங்கே பயந்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

"எத்தினை டின்?" சும்மா கேட்டாள்.

"ஒன்பது," என்றாள் கிளறா.

"எட்டு," என்றான் அலோசியஸ்.

"ஒன்பது, இஞ்சேருங்கோ. போன மாசக் கடைசியிலை ஒண்டு தந்தவரெல்லோ."

"தட்டிலை எட்டுத்தான் கிடந்தது. நான் என்ன, ஒரு டின்னைக் கக்கத்துக்குள்ளை வைச்சிருக்கிறனோ?"

"புதுசை எங்கை வைச்சனான்..." கிளறா தனக்குள் சொல்லிக்கொண்டு தட்டைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். கதவில் சாய்ந்து நின்ற ஸ்ரான்லியைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

"ஏன் அக்கா என்னைப் பாக்கிறியள்?"

"தம்பி, உமக்குத் தூள் தந்தனானெல்லே. எதுக்குள்ளை தந்தனான்?"

ஸ்ரான்லியின் வாய் அன்றைக்கு முதல் தடவையாகச் சும்மா இருந்தது.

"ரெண்டு கிழமையா," என்றான் கடைசியில், வயிற்றைத் தடவி, "நான் வெடிமருந்து திண்டிருக்கிறன்."

"மூண்டு தரம் கழுவினனான் எண்டு சொன்னன்தானே," என்றாள் கிளறா.

"உடுப்பை மாத்து, கிளறா," என்றாள் செல்வமலர். "நீயும் வாறாய்."

வுச்சீரியாவுக்குப் பின்னால், ஸ்ரான்லியின் ஒற்றை அறையில், அடுப்புக்கு மேல் தட்டில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு டின் இருந்தது. காலையிலிருந்து ஊரெல்லாம் தேடிய சாமான். முகப்பில் கட்டை விரல் அளவில் எண்: பத்தொன்பது.

"கேஸ் முடிஞ்சுது," ஸ்ரான்லி கையைத் தட்டினான்.

செல்வமலர் சந்தோஷப்படவில்லை. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டாள்.

"முடியேல்லை. இது ஆரின்ரை வீட்டிலை இருந்து வந்தது? கிளறாவின்ரை. பிழையான மருந்து டின் அவளின்ரை கையிலை. சிஞ்ஞோரா என்ன சொல்லுவா? இவளே வெளியிலை வாங்கி வந்து மாத்தினவள் எண்டு சொல்லுவா. அலோசியஸ் எறிஞ்சது சரிதான். இதையும் எறிஞ்சிருந்தால் நல்லது."

கிளறா செபமாலையைத் தேடிக் கைப்பைக்குள் கைவிட்டாள். மணி மூன்றே முக்கால்.

"எறியிறதெண்டால் தூளைத் தந்திட்டு எறியுங்கோ," என்றான் ஸ்ரான்லி. "எரிச்சாலும் ஊர்த்தூள்." டின்னை வாங்கி, ஒரு சட்டிக்குள் கவிழ்த்தான். சிவப்புப் புகை எழும்பியது. மூன்று பேரும் வரிசையாகத் தும்மினார்கள். கண்ணில் நீர் ஓட ஓட அவன் டின்னின் அடியில் இரண்டு தட்டுத் தட்டினான். தட்டிய கை நின்றது.

"மலரக்கா."

"என்ன?"

"பலகாரப் பெட்டி."

அடியில் பசைநாடா. கழுவிக் கழுவி ஓரம் வெளுத்திருந்தது, நடுப்பகுதி உரியவில்லை. அதற்குக் கீழே நினோவின் கோணல் எழுத்து: அவ்வொக்காத்தோ ஸ்கலீசி. மே 11.

செல்வமலர் அந்த அறையில் முதல் தடவையாகச் சிரித்தாள். தும்மலும் சேர்ந்துகொண்டது.

ஐந்து மணிக்கு சிஞ்ஞோரா எலேனா கதவைத் திறந்தார். கிளறாவைக் கண்டதும் மூட முயன்றார். ஸ்ரான்லியின் தலைக்கவசம் ஏற்கெனவே இடையில் நுழைந்திருந்தது.

"ஐந்து நிமிடம்," என்றாள் செல்வமலர். "அதற்குப் பிறகு நீங்களே கரபினியேரியைக் கூப்பிடுங்கள்."

அவ்வொக்காத்தோ சன்னலோரச் சாய்வு நாற்காலியில் இருந்தார். எழுபதைத் தாண்டிய நேரான முதுகு. கட்டுப்போட்ட இடது கை மடியில். செல்வமலர் டின்னை அவருக்கு முன்னால் சின்ன மேசையில் வைத்தாள்.

"இது உங்களுடையதா?"

அவர் வலது கையால் தொட்டார். மூடியைத் தடவினார். "என் மருந்து. முப்பது வருஷமாக இதுதான்."

"என்ன எண்?"

"அறுபத்திரண்டு." குனியக்கூட இல்லை.

சிஞ்ஞோரா குனிந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்தார். டின்னைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். அந்தக் காகிதத்தை வாசிக்க அவருக்கு நெடுநேரம் எடுத்தது.

"இது பத்தொன்பது," என்றார். "மே மாதம் நீ வாங்கியது. உன் பெயர் இருக்கிறது."

அவ்வொக்காத்தோ முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வசந்த காலத்தில் டாக்டரிடம் கண்ணைக் காட்டினேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாயே."

"காட்டியிருந்தால் துப்பாக்கி உரிமத்தை எடுத்திருப்பார்கள், எலேனா." குரல் மிகவும் சின்னதாக வந்தது. "கடையில் விரலால் காட்டினேன். அந்தச் சிவப்பு, எப்போதும்போல என்றேன். வாசித்துச் சொல் என்று நினோவிடம் கேட்க வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. சொல்லவில்லை. நீ முறைப்பாடு கொடுத்தாய் என்று கேள்விப்பட்டும் சொல்லவில்லை."

மழை சன்னலில் தட்டியது.

சிஞ்ஞோரா உள்ளே போனார். இழுப்பறை ஒன்று பலமாகத் திறக்கும் சத்தம். திரும்பி வந்தபோது அவர் கையில் தட்டெழுத்துக் கடிதம் ஒன்றும் பேனாவும் இருந்தன. கிளறாவின் கடிதம். ஒப்பம் மட்டும் இல்லை. கணவருக்கு முன்னால் வைத்தார்.

"முதலில் இது. பிறகு நாம் இருவரும் கரபினியேரிக்குப் போகிறோம். நீயே உன் வாயால் சொல்கிறாய்."

அவர் பேனாவை எடுத்தார். பேனா கடிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

அப்போது கதவருகில் நின்ற கிளறா நடந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, வலது சுட்டுவிரலைக் கடிதத்தின் அடியில் ஒரு இடத்தில் வைத்தாள். பேனா இறங்கி வந்தது. அவளுடைய நகத்தைத் தொட்டது. அங்கிருந்து, ஒரு மயிரிழையும் விலகாமல், கோட்டில் ஒப்பமிட்டது. பழக்கப்பட்ட கை. பழக்கப்பட்ட விரல்.

சிஞ்ஞோரா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு காலமாக, கிளறா?"

"இரண்டு வருஷம், சிஞ்ஞோரா."

"இரண்டு வருஷமாக உனக்குத் தெரியும். நான் உன்மேல் கரபினியேரியிடம் முறைப்பாடு கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை."

"உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டார். சரி என்று சொன்னேன்."

செல்வமலர் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு நாள் முழுக்க மழையில் நனைந்து, பஸ்ஸில் நசிந்து, தும்மி, கண் எரிந்து தேடிய விடை, தேத்தண்ணிக் கோப்பையைச் சரிப்படுத்திக்கொண்டு இவளுடைய வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது.

"மலரக்கா," ஸ்ரான்லி காதோரம் குனிந்தான். "உவ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ரை வயிறாவது தப்பியிருக்கும்."

"வாயைப் பொத்து."

சிஞ்ஞோரா சின்ன அறையின் கதவை இழுத்துப் பூட்டினார். கிளறாவிடம் பறித்த திறப்பை அங்கியின் பையிலிருந்து எடுத்தார். கணவரிடம் போய்க் கையை நீட்டினார். அவர் சற்றுத் தயங்கி, தன் கழுத்துச் சங்கிலியிலிருந்த மற்றத் திறப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

இரண்டையும் சேர்த்து சிஞ்ஞோரா கிளறாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்துவிட்டார்.

"நான் கேட்டாலும் கொடுக்காதே," என்றார். "அவர் கேட்டாலும்."

கிளறா தலையாட்டினாள். மற்றக் கையில் கடிதம் இருந்தது. ஒப்பத்தின் மை இன்னும் காயவில்லை. அது அழிந்துவிடாதபடி, கீழே தெரு வரைக்கும் அதைத் தட்டு ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு இறங்கினாள். மழை பெய்த இடத்தில் ஸ்ரான்லி தன் தலைக்கவசத்தைக் கடிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி கூடவே நடந்தான்.